10 நிமிடம் 20 விநாடி: அமெரிக்க நகரத் தீயணைப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்

தீயணைப்பு வீரராக வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் போய்ச் சேருவது ஜிம்மில். அதற்கு முன் மேசைமுன் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அமெரிக்க நகரங்களில் விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, உடற்திறன் தேர்வு, நேர்காணல், பின்னணி விசாரணை, மருத்துவப் பரிசோதனை என்று இது மாதக்கணக்கில் இழுக்கும். பெரிய நகரம் என்றால் வருடக்கணக்கில். வழியில் உதிர்பவர்களில் பலமில்லாதவர்கள் ஒரு பங்குதான். கடைசித் தேதிக்குள் சான்றிதழை இணைக்காதவர், ஓடக்கூடாத இடத்தில் ஓடியவர், படிவத்தில் ஒன்று எழுதி விசாரணையில் வேறொன்று சொன்னவர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆளா என்பதைத்தான் ஒவ்வொரு கட்டமும் ஏதோ ஒரு விதத்தில் சோதிக்கிறது.

விண்ணப்பம்

பல நகரங்களில் விண்ணப்பம் சில வாரங்களுக்கே திறந்திருக்கும், சிலவற்றில் சில நாட்களுக்கு மட்டும். நியூயார்க் போன்ற நகரத்தில் ஒரு தேர்வைத் தவறவிட்டால் அடுத்ததற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும். நகர நிர்வாகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்யும் வசதி இருந்தால் இன்றே பதிந்து வையுங்கள். ஒரே ஒரு நகரத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். போய் வரக்கூடிய தூரத்தில் உள்ள ஐந்தாறு நகரங்களுக்கு விண்ணப்பிப்பது இந்தத் துறையில் சாதாரணம்.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது, எந்தத் தகுதி எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்பது. ஓட்டுநர் உரிமமும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் (அல்லது அதற்கு இணையான ஜி.இ.டி.) பெரும்பாலும் விண்ணப்ப நாளிலேயே தேவை. இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) சான்றிதழை ஒரு நகரம் விண்ணப்பிக்கும்போதே கேட்கும், இன்னொன்று பணியில் சேரும் நாளுக்குள் போதும் என்று சொல்லும், மூன்றாவது நகரம் தானே பயிற்சி கொடுக்கும். வயது வரம்பும் குடியுரிமை விதியும் நகரத்துக்கு நகரம் மாறும். பக்கத்து நகரத்து நண்பர் சொன்னதை நம்பாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் நகரத்தின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

வெளிநாட்டில் பள்ளி முடித்தவர்கள் சான்றிதழை மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். நாசெஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பல நகரங்கள் ஏற்கின்றன. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் கைக்கு வந்து சேராது. 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்கள் செலக்டிவ் சர்வீஸ் (ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க நேர்ந்தால் பயன்படும் அரசுப் பட்டியல்) பதிவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடுவதுண்டு. அவர்களுக்கும் அது கட்டாயம்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, உரிமத்தில் இன்ஷியலாக, பள்ளிச் சான்றிதழில் அதுவும் இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். உரிமத்தில் இருப்பதை மூலமாக வைத்து, விண்ணப்பம், உடற்திறன் தேர்வுப் பதிவு, இ.எம்.டி. அட்டை எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து அதையே போடுங்கள். மாற முடியாத பழைய சான்றிதழுக்கு, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

எழுத்துத் தேர்வு

தீயணைப்பு அறிவை இது பெரும்பாலும் கேட்பதில்லை. படித்துப் புரிந்துகொள்வது, கணக்கு, எந்திர அறிவு, வரைபட நினைவு, ஆட்களோடு பழகும் முறை இவைதான். நேஷனல் டெஸ்டிங் நெட்வொர்க் என்ற நிறுவனம் நடத்தும் தேர்வில் வீடியோ காட்சியைக் காட்டி, அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் பகுதியும் உண்டு.

எந்திர அறிவுக்கு அடிப்படை நான்கைந்து விதிகள் போதும். ஒன்றோடொன்று பொருந்திய பல்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். 20 பல் சக்கரம் 40 பல் சக்கரத்தை ஓட்டினால் பெரியது பாதி வேகத்தில் சுற்றும். நகரும் கப்பி ஒன்று இருந்தால் 100 பவுண்டைத் தூக்க 50 பவுண்டு இழுவிசை போதும், ஆனால் 1 அடி உயர்த்த 2 அடி கயிறு இழுக்க வேண்டும். கணக்கில் 500 கேலன் தொட்டி, நிமிடத்துக்கு 125 கேலன் பாய்ச்சும் குழாய், எத்தனை நிமிடம் தாங்கும் என்ற ரகம். கால்குலேட்டர் இல்லாமல் பழகுங்கள்.

வரைபடத்தைச் சில நிமிடம் காட்டி எடுத்துவிடும் பகுதியில் பலரும் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்த்துக் கோட்டை விடுகிறார்கள். வெளியேறும் வழிகள், படிக்கட்டு, ஆள் இருக்கும் அறை, ஆபத்தான பொருள் என்ற வரிசையில் கண்ணை ஓட்டுங்கள். கேள்விகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

தேர்ச்சி மதிப்பெண் 70 என்று போட்டிருந்தால் அதை இலக்காக வைக்காதீர்கள். வேலைக்கான அழைப்பு, மதிப்பெண் பட்டியலின் மேலிருந்துதான் போகும். முன்னாள் ராணுவத்தினருக்கும், சில நகரங்களில் உள்ளூர்வாசிகளுக்கும் கூடுதல் புள்ளி உண்டு. அதற்கான ஆதாரத்தையும் குறித்த தேதிக்குள் கொடுத்தால்தான் சேரும்.

உடற்திறன் தேர்வு

பல நகரங்கள் பயன்படுத்துவது சிபேட் என்று அழைக்கப்படும் தேர்வு. தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமும் தீயணைப்புத் தலைவர்களின் சங்கமும் அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 10 துறைகளோடு சேர்ந்து 1990களின் இறுதியில் உருவாக்கியது. எட்டு நிலைகள், மொத்தம் 10 நிமிடம் 20 விநாடி. தேறினார், தேறவில்லை என்ற இரண்டே முடிவு, மதிப்பெண் கிடையாது. உடலில் 50 பவுண்டு எடை அங்கி, தலையில் கவசம், கையில் கையுறை.

முதலில் அந்த நேரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நிலையான படியேற்றம் சரியாக 3 நிமிடம். அதைக் குறைக்க முடியாது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு 85 அடி நடக்க வேண்டும், ஓடக்கூடாது. சாதாரண நடையில் சுமார் 20 விநாடி. அப்படி ஏழு நடை, ஆக 2 நிமிடம் 20 விநாடி. கழித்தால் மீதி ஏழு நிலைகளுக்கும் சேர்த்து 5 நிமிடம் மிஞ்சுகிறது, நிலைக்குச் சராசரி 43 விநாடி. நிதானமாகத் தொடர்ந்து செய்பவருக்கு இது போதும். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவருக்குத்தான் போதாது.

படியேற்றம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. ஸ்டெப்மில் எந்திரத்தில் நிமிடத்துக்கு 50 படி வேகத்தில் 20 விநாடி உடலைச் சூடாக்கிக்கொள்ளலாம். பிறகு இடைவெளியே இல்லாமல் நிமிடத்துக்கு 60 படி, 3 நிமிடம். இந்த நிலைக்கு மட்டும் தோளுக்கு 12.5 பவுண்டு வீதம் கூடுதலாக 25 பவுண்டு; மாடிக்குத் தூக்கிப் போகும் ஹோஸ் கட்டுக்கு அது ஈடு. ஆக 75 பவுண்டு, ஏறக்குறைய 34 கிலோ. சூடாக்கும் நேரத்தில் கைப்பிடியைப் பிடிக்கலாம், இறங்கிவிட்டால் மறுபடி தொடங்கவும் வாய்ப்பு உண்டு. கடிகாரம் ஓடத் தொடங்கிய பின் கீழே இறங்கினாலோ விழுந்தாலோ தேர்வு அங்கேயே முடிந்தது. கைப்பிடியில் எடையைச் சாய்த்தால் எச்சரிக்கை வரும், எச்சரிக்கைகள் தீர்ந்தால் வெளியே.

ஏன் இங்கே விழுகிறார்கள்? பெரும்பாலும் கால் வலுவின்மையால் அல்ல. முன்பக்கம் குனிந்து ஏறுவதால் எடை முதுகுக்குப் போகிறது, நெஞ்சுக்கூடு மடங்குகிறது, இரண்டாவது நிமிடத்தில் நெஞ்சு முட்டுகிறது. கண்ணை நேராக ஒரு புள்ளியில் வைத்து, பாதம் முழுவதையும் படியில் பதித்து, மூச்சை முதல் விநாடியிலிருந்தே எண்ணி விடுங்கள். பயிற்சிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் வேண்டும். முதல் இரண்டு வாரம் எடையில்லாமல் 60 படி வேகத்தில் 5 நிமிடம். பிறகு வாரத்துக்கு 10 பவுண்டு வீதம் ஏற்றி, கடைசியில் 75 பவுண்டோடு 4 நிமிடம் ஏற முடிந்தால் தேர்வு நாளின் 3 நிமிடம் பயமுறுத்தாது. எடை போட்டு வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் ஏறாதீர்கள். முழங்கால் அதைத் தாங்காது.

இரண்டாவது ஹோஸ் இழுவை. முனையைத் தோளில் போட்டு 75 அடி போய், பீப்பாயைச் சுற்றி 90 பாகை திரும்பி, இன்னும் 25 அடி. பிறகு வரைந்த கட்டத்துக்குள் குறைந்தது ஒரு முழங்காலாவது ஊன்றி, 50 அடிக் குறி கோட்டைத் தாண்டும் வரை ஹோஸைக் கையால் இழுக்க வேண்டும். ஓட அனுமதி உள்ள இடம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விநாடிகளை இங்கே சம்பாதிக்கலாம். முட்டியைத் தரையிலிருந்து எடுப்பதும் கட்டத்தை விட்டு நகர்வதும்தான் வழக்கமான தவறுகள். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பைப் பின்னால் சாய்த்து இழுத்தால் தோள் அடுத்த நிலைக்கு மிஞ்சும்.

கருவி சுமத்தலில் இரண்டு ரம்பங்களை அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து, இரண்டையும் தூக்கிக்கொண்டு 75 அடி போய், பீப்பாயைச் சுற்றித் திரும்பி வந்து, மறுபடி தரையில் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே வைக்க வேண்டும். பிடி நழுவினால் நின்று தரையில் வைத்து மாற்றிப் பிடிக்கலாம். கீழே போட்டுவிட்டால் தோல்வி. இரண்டு விநாடி மிச்சம் பிடிக்கப் போய் ரம்பத்தைப் போட்டவர்கள் நிறைய.

ஏணியில் இரண்டு வேலை. கீழே கிடக்கும் 24 அடி ஏணியை ஒவ்வொரு படியாகக் கை மாற்றி நிமிர்த்திச் சுவரில் சாய்ப்பது முதல் வேலை. படி தாண்டினால் ஒரு எச்சரிக்கை, அடுத்த முறை முடிவு. இரண்டாவது, நிலையாக நிறுத்திய இன்னொரு ஏணியின் மேல்பகுதியைக் கயிற்றால் ஏற்றி, அதே போலக் கை மாற்றி இறக்குவது. தோல்வி பெரும்பாலும் இறக்கும்போதுதான்: ஏற்றி முடித்த நிம்மதியில் கயிற்றை நழுவ விடுகிறார்கள். கயிறு கட்டுப்பாடில்லாமல் ஓடினால் அவ்வளவுதான்.

கதவு உடைப்புக்கு 10 பவுண்டு சம்மட்டி. கையைவிட இடுப்பைத் திருப்பி அடியுங்கள், குறி நடுவில் விழட்டும். ஓரத்தில் விழும் அடி பாதி வீண். ஒல்லியானவர் குறி தவறாமல் அடித்து, தடியரைவிடச் சீக்கிரம் மணியை ஒலிக்க வைப்பது அடிக்கடி நடக்கும். தேடல் நிலை, 64 அடி இருட்டுச் சுரங்கத்தில் தவழ்வது. இரண்டு திருப்பங்கள், நடுவே தடைகள், குறுகும் இடங்கள். ஒரு பக்கச் சுவரில் கை வைத்துக்கொண்டே போங்கள். மூடிய இருட்டு ஒத்துக்கொள்ளாது என்று இங்கேதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு, அதைத் தேர்வு நாளில் தெரிந்துகொள்வது பரிதாபம்.

அடுத்து 165 பவுண்டு பொம்மை. தோள் பட்டையின் கைப்பிடியைப் பிடித்து 35 அடி, பீப்பாயைச் சுற்றி, திரும்ப 35 அடி. குனிந்து முதுகால் இழுக்காதீர்கள். இடுப்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன எட்டாகப் பின்னால் போங்கள். நின்றால் மறுபடி நகர்த்துவதுதான் பெரிய செலவு. சோர்வில் பீப்பாய்மேல் சாய்ந்துவிடாதீர்கள், அது விதிமீறல். பொம்மை முழுவதும் கோட்டைத் தாண்ட வேண்டும், கால் வெளியே கிடந்தால் கணக்கில்லை.

கடைசி, கொக்கிக் கம்பால் கூரையைக் குத்தி இழுப்பது. 60 பவுண்டு கதவை மூன்று முறை மேலே தள்ளி, 80 பவுண்டு இழுவையை ஐந்து முறை கீழே இழுத்தால் ஒரு சுற்று. அப்படி நான்கு சுற்று. 12 தள்ளு, 20 இழுப்பு. இந்நேரம் தோள் கரைந்திருக்கும். தள்ளும்போது முட்டியை மடக்கி நிமிருங்கள், இழுக்கும்போது உடல் எடையோடு கீழே அமருங்கள். எண்ணிக்கையை நீங்கள் எண்ணுங்கள். ஒரு தள்ளல் முழுமையாகாவிட்டால் அது சேராது.

சிபேட் நடத்தும் மையங்கள் தேர்வுக்கு முன்னதாக அறிமுக வகுப்பும், தேர்வுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் நேரம் வைத்து ஒத்திகையும் தருகின்றன. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு விலகவும் அனுமதி உண்டு, தயவுசெய்து போடாதீர்கள். அந்த எந்திரங்களை ஜிம்மில் பார்க்க முடியாது. சான்றிதழுக்குக் காலாவதி உண்டு என்பதால் நகரம் கேட்கும் தேதிக்குள் செல்லுபடியாகுமா என்று கணக்குப் போட்டுப் பதியுங்கள்.

நேர்காணல் குழு

ஓரல் போர்டு என்பார்கள். கேப்டன், பேட்டாலியன் சீஃப் போன்ற அதிகாரிகள் சிலர், எல்லோருக்கும் ஒரே கேள்விகள், கையில் மதிப்பெண் தாள். உங்கள் பதிலில் அவர்கள் தேடும் புள்ளிகள் முன்னமே எழுதப்பட்டிருக்கும். சொல்லாததை ஊகித்து மதிப்பெண் தர மாட்டார்கள். சிரித்துத் தலையாட்டவும் மாட்டார்கள், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

'ஏன் இந்த வேலை?' என்பதற்கு 'மக்களுக்கு உதவ' என்று மட்டும் சொல்வது, காலையிலிருந்து அவர்கள் கேட்டுச் சலித்த பதில். செவிலியரும் ஆசிரியரும் உதவத்தான் செய்கிறார்கள். நீங்கள் என்ன படித்தீர்கள், எத்தனை முறை ஆம்புலன்ஸில் உடன் சென்றீர்கள், எந்த ஸ்டேஷனில் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தீர்கள் என்று செய்ததைச் சொல்லுங்கள். தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை. தீயை மட்டுமே பேசிவிட்டு வருகிறவர், வேலையைப் பற்றி விசாரிக்காமல் வந்தவர் என்று பட்டுவிடும்.

சூழல் கேள்விகளுக்கு ஒரு பிரிவினை கையில் இருக்கட்டும். உயிருக்கோ சட்டத்துக்கோ சம்பந்தப்பட்டது என்றால் உடனே அதிகாரியிடம். இருவருக்கு இடையிலான உரசல் என்றால் முதலில் நேரில் அவரிடமே. சக வீரர் பாத்திரம் கழுவாமல் டபாய்க்கிறார் என்றால் கேப்டனிடம் ஓடாதீர்கள். அவர் மேல் மது வாடை வருகிறது என்றால் வண்டி கிளம்பும் முன் கேப்டனுக்குத் தெரிய வேண்டும். எரிந்த வீட்டில் ஒருவர் நகையைப் பையில் போடுவதைப் பார்த்தால், திரும்ப வைக்கச் சொல்வதோடு நிற்காமல் அதிகாரியிடமும் சொல்ல வேண்டும். 'நட்புக்காக விட்டுவிடுவேன்' என்ற பதில் அந்த அறையிலேயே உங்களை முடித்துவிடும்.

கொஞ்சம் கடினமான ரகம்: கேப்டன் உங்களை வாசலில் ஹோஸோடு நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, பின்பக்க அறையில் குழந்தை இருக்கிறது என்கிறார். போவீர்களா? வீரம் பேசுகிறவர்கள் போவதாகச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர்களின் தண்ணீரும் திரும்பி வரும் வழியும் உங்கள் கையில் இருக்கின்றன. உள்ளே இருவர் இருந்தால் வெளியே இருவர் தயாராக நிற்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. உயிர் மீட்புக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும் அந்த முடிவு அதிகாரியுடையது. எந்த அறை, எந்தப் பக்கம், யார் சொன்னார் என்பதை ரேடியோவில் உடனே கேப்டனுக்குச் சொல்லி, அவர் சொல்வதைச் செய்வேன் என்பதே பதில். குழு அதோடு விடாது, 'ரேடியோ வேலை செய்யவில்லை, இப்போது?' என்று தள்ளும். பதிலை மாற்றிக்கொண்டே போகாமல், காரணத்தோடு ஒரு முடிவெடுத்து அதில் நில்லுங்கள்.

பயிற்சியைக் கண்ணாடி முன் செய்வதைவிடக் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். ஒரு பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். மனப்பாட வாசனை அடித்தால் வார்த்தைகளைத் தூக்கிப் போட்டுக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணி விசாரணை

இதற்கான படிவம் இருபது முப்பது பக்கம்கூட இருக்கும். பல ஆண்டு முகவரிகள், எல்லா வேலைகளும், மேலதிகாரிகளின் தொலைபேசி, விலகிய காரணம், போக்குவரத்து அபராதம், கடன் நிலுவை, போதைப் பொருள். இன்றிலிருந்தே ஒரு தாளில் தொகுக்கத் தொடங்குங்கள். ஓட்டுநர் பதிவேட்டையும் கடன் அறிக்கையையும் நீங்களே வாங்கிப் பார்த்து, அதில் உள்ளபடி தேதிகளை எழுதுங்கள்.

வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் நீக்கப்பட்டேன் என்றே எழுத வேண்டும். விசாரணை அதிகாரி பழைய முதலாளியிடம் பேசுவார். ஏழு வருடத்துக்கு முந்தைய அபராதம் பெரும்பாலும் யாரையும் வீழ்த்தாது, அதை மறைத்தது வீழ்த்தும். தனியார் நிறுவனங்கள் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை வைப்பதை 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது. அரசு, நகர நிர்வாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில் சில நகரங்கள் அதை வைக்கின்றன. எழுதியதும் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுவதுதான் அங்கே நடக்கும். ஆகவே அனுப்பிய ஒவ்வொரு படிவத்துக்கும் நகல் வைத்திருங்கள். ஐந்து நகரங்களுக்கு அனுப்பியிருந்தால் ஐந்திலும் தேதிகள் ஒன்றாக இருக்கட்டும்.

மருத்துவம், பிறகு காத்திருப்பு

நிபந்தனையுடன் வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் மருத்துவப் பரிசோதனை நடக்கும். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வைத்த வரிசை அது. அதற்கு முன் நோய் விவரம் கேட்கக்கூடாது. பல துறைகள் பின்பற்றிய, தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 1582 என்ற எண்ணுள்ள தரநிலை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலைப் போல 12 மடங்கை உழைப்பில் தாங்கும் இதயத்தையும் நுரையீரலையும் எதிர்பார்த்தது. டிரெட்மில் சோதனை அதற்குத்தான். செவிச் சோதனைக்கு முந்தைய 14 மணி நேரம் இரைச்சலான இடங்களையும் இயர்போனையும் தவிருங்கள். அன்று காலைக் காபியும் வேண்டாம், ரத்த அழுத்த எண்ணை ஏற்றிவிடும். பழைய அறுவை சிகிச்சை, ஆஸ்துமா, கண் லேசர் எதுவானாலும் மருத்துவர் அறிக்கையோடு போங்கள். அறிக்கை இல்லாவிட்டால் முடிவு தள்ளிப்போகும், பயிற்சி வகுப்பு காத்திருக்காது.

தாடி வைத்திருப்பவர்கள் கவனிக்க: சுவாசக் கருவியின் முகமூடி தோலில் ஒட்டும் இடத்தில் முடி இருக்கக்கூடாது. காற்றுக் கசிவுச் சோதனையில் இரண்டு நாள் தாடிகூடப் பிரச்சினை தரும்.

எல்லாம் தேறினாலும் பெயர் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பட்டியலுக்கும் காலாவதி உண்டு. இடைப்பட்ட காலத்தில் இ.எம்.டி. படிப்பை முடிப்பதுதான் நேரத்துக்குச் சரியான விலை. பெரும்பாலும் 120 முதல் 190 மணி நேரப் படிப்பு, தேசியச் சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எடையோடு படியேறுவதை வாரத்துக்கு ஒரு நாளாவது விடாதீர்கள். வீடு மாறினால், எண் மாறினால் நகர அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான பதிலையும் சேமித்து வையுங்கள். அழைப்பு வந்த பின் பதில் சொல்லச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டியில் போய் விழக்கூடும். வாரம் ஒருமுறை அதையும் திறந்து பாருங்கள்.